அலுமாரிக் கால்கள்

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ மண்ணெண்ணெய்த் துணியால் மேசைக்கால் துடைக்கிறார்கள் போலிருக்கிறது, கடற்காற்றோடு மெல்ல ஏறி வருகிறது அந்த மணம். உப்புவெளியில் இப்போது அது அபூர்வம், அடுப்புகள் காஸுக்கு மாறி, விளக்குகள் மின்சாரத்துக்கு மாறி, 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு, கடலுக்குப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த எண்ணெயை அநேகமாக மறந்தே போனார்கள். இப்போது எல்லா மணமும் பேணியில் அடைத்து வருகிறது, நுளம்புக்கு ஒன்று, எறும்புக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, மூன்றிலும் எலுமிச்சை வாசம், ஆனால் இந்த ஊரில் எந்த மரத்திலும் காய்க்காத ஓர் எலுமிச்சை. மண்ணெண்ணெய் அப்படி வேஷம் போடாது, ஒரு மூச்சு இழுத்ததும் எனக்கு முன்னால் ஆச்சியின் குசினி வந்து நின்றது, அதுவும் பின்னேரத்துக் குசினி, கிடுகு ஓட்டைகளால் வெயில் விழுந்து புகையில் கம்பி கம்பியாகத் தெரிகிற நேரம்.

அந்தக் குசினியில் நிலம் சாணி மெழுகியது, ஒரு மூலையில் நெத்தலிக் கருவாட்டுப் பெட்டி, இன்னொரு மூலையில் தேங்காய், நடுச்சுவரோடு வலையடித்த அலுமாரி. மரத்தின் நிறமே தெரியாத அளவுக்குப் புகையேறிய அலுமாரி அது, அதன் நாலு கால்களும் வெட்டின பால்பேணிகளுக்குள் நிற்கும், பேணிகளில் தண்ணீர் நிற்கும். விளக்கு வைத்து, திருநீறு பூசி, கோணேசர் மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒருதரம் கும்பிட்டுவிட்டு, ஆச்சி குந்தியிருந்து ஒவ்வொரு பேணிக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பா, கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கிய காலம், விரல்தான் கண். தண்ணீர் குறைந்திருந்தால் செம்பால் வார்ப்பா, பிறகு மூடியில் ஓட்டை போட்ட சோடாப் போத்தலைச் சரித்து நாலைந்து துளி லாம்பெண்ணெய் விடுவா, அது தண்ணீரின் மேல் பரவி ஊதாவும் மஞ்சளுமாய் மினுங்குவதைப் பார்க்க நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். எண்ணெய் எதற்கு ஆச்சி, தண்ணீர் காணாதோ என்று கேட்டால், "தண்ணியிலே தூசி படிஞ்சா அவை நடந்து வருவினம் பிள்ளை" என்பா. எறும்புகளை அவ அஃறிணையில் சொல்லிக் கேட்டதேயில்லை.

மரியாதை எல்லா எறும்புக்கும் ஒரே மாதிரி அல்ல, அதையும் சொல்லவேண்டும். கறுத்து, வேகமாக, யாரையும் கடிக்காமல் ஓடுகிறவை பிள்ளையார் எறும்பு, அவற்றை மிதிக்கக்கூடாது, பிட்டுக்கு மா அவிக்கிற நாளில் சிந்துகிற மாவை அவ கூட்டித் தள்ளாமல் வாசற்படியின் ஓரத்தில் விட்டுவைப்பது அவற்றுக்காகத்தான், வெளியிலே வயிறு நிறைந்தால் உள்ளே வராயினம் என்பது அவவுடைய கணக்கு. சிவப்பு நிறத்துச் சுள்ளெறும்புக்கு அந்தச் சலுகை இல்லை, வரிசை கண்ட இடத்தில் எண்ணெய்த் துணி, புற்றுக் கண்ட இடத்தில் சோறு வடித்த கொதிகஞ்சி. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடுகட்டுகிற முசுறுக்குப் பந்தம்தான், நீண்ட தடியில் பழந்துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்து, அம்மான் மரத்தடியில் நின்று கூட்டைச் சுடுவார், எரிந்த முசுறின் புளித்த வாசம் இரவு சாப்பாடு வரைக்கும் முற்றத்தில் நிற்கும். சீனாவில் அதே முசுறைக் கூட்டோடு வாங்கித் தோடை மரங்களில் கட்டித் தொங்கவிட்டுப் பூச்சி பிடிக்க வைத்தார்கள் என்று ஆயிரத்தெழுநூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஏட்டில் இருக்கிறதாம், பிற்காலத்தில் அதைப் படித்தபோது அம்மானுடைய பந்தம் நினைவுக்கு வந்தது, மாங்காயைத் தின்ன வந்த பூச்சிகளை அந்த மரத்திலிருந்து பிறகு யார் பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

பழைய ஆட்கள் எறும்புக்கும் இரங்கி வாழ்ந்தார்கள் என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும், அது பாதி உண்மை. மீதிப் பாதி சீனியின் விலை. நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளின் முற்பகுதியில் சீனி கூப்பனுக்குத்தான், அதுவும் அளந்துதான், உள்ளங்கையில் ஒரு துளி பனங்கட்டியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த வருடங்கள் அவை. அப்போது சீனி ரின்னுக்குள் எறும்பு புகுந்தால் அது எறும்பின் பிழையல்ல, வீட்டுக்காரியின் பிழை, சீனியை வீசுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆச்சி அதைச் சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைப்பா, கால் மணி நேரத்தில் சூடு பொறுக்காமல் எல்லாம் இறங்கி ஓடிவிடும், ஓட மறந்தவை தேத்தண்ணியில் மிதக்கும், முகம் சுளித்தால் "குடி, எறும்பு திண்டா கண் தெரியும்" என்பா, அவவுடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நான் குடித்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய் அவவுக்கு இன்னொரு நாளையும் ஞாபகப்படுத்தும், அதை அவ தானாகச் சொல்ல மாட்டா, போத்தலை மூடும்போது எப்போதாவது வாயில் வரும். 1942 சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் முந்தி, ஏப்ரல் 9 காலையில், யப்பான்காரனின் விமானங்கள் துறைமுகத்தின் மேல் வந்தன, சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று பற்றியெரிய, கரும்புகை கடலின் மேல் படுத்தது, அந்தப் புகை மணந்துதான் ஊர்சனம் அரிசிப் பொட்டலத்தோடு கன்னியாப் பக்கக் காட்டுக்குள் ஓடியது. அரிசியைப் பாதுகாக்க மரக்கிளையில் உறிகட்டித் தொங்கவிட்டு, உறிக்கயிற்றில் வேப்பெண்ணெய் பூசினதாம், குண்டு ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம், இரண்டாவதைத்தான் எங்களாலே மறிக்க முடிஞ்சது என்று சொல்லிச் சிரிப்பா. அந்தப் போரில் செத்த வெள்ளைக்காரரும் மற்றவரும் நிலாவெளி வீதியில் எங்கள் ஊர் மயானத்தில் வரிசை வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், புல் வெட்டி, கல் துடைத்து, இன்றைக்கும் அந்த இடம் அப்படியொரு துப்புரவு, எங்கள் வீடு ஒன்றும் ஒருகாலமும் அவ்வளவு துப்புரவாக இருந்ததில்லை.

துப்புரவு என்றதும் மலேரியாக்காரர் வருவார்கள். முதுகில் பம்பு, தலையில் தொப்பி, வீட்டிலுள்ள பாய், பானை, சாமிப்படம் எல்லாவற்றையும் முற்றத்தில் போடச்சொல்லிவிட்டுச் சுவர் சுவராக அடிப்பார்கள், முதலில் டிடிடி, 1977 தொடக்கம் மலத்தியோன், இரண்டாவது அழுகின வெங்காயம் போல மணக்கும். 1934, 35 கொள்ளைநோயில் பெற்றவர்களையே பறிகொடுத்த ஆச்சி அவர்களைத் தடுக்கமாட்டா, கதிரை போட்டு இருத்தி, இளநீர் வெட்டிக் கொடுப்பா, அவர்கள் படலை தாண்டியதும் அடுத்தநாளே சுவரைச் சாணியால் மெழுகிவிடுவா. இலங்கையில் 1963இல் மலேரியா பதினேழே பேருக்குத்தான் வந்தது, முடிந்தது என்று எண்ணி அடிப்பதைக் குறைத்தார்கள், அறுபதுகள் முடிவதற்குள் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது, கடைசியில் 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டில் மலேரியா இல்லை என்று சான்று தந்தது. அந்த வரலாற்றில் ஆச்சியின் சாணிக்கும் ஒரு பங்கு உண்டோ என்று எனக்குள் ஒரு கூச்சம். மருந்தடித்த நாளில் வீடெங்கும் செத்த எறும்பு கிடக்கும், பிள்ளையார் எறும்பும் சுள்ளெறும்பும் வித்தியாசமில்லாமல், அதைக் கூட்டும்போது மட்டும் அவ ஒன்றும் பேசமாட்டா.

1990இல் நாங்கள் மன்னார்க் கரையில் படகேறினோம். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கே சில காலம், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய் பார்ப்பதற்காக மறித்துவைத்த அதே இடம்தான் அது, அவர்கள் போன வழியால் நாங்கள் திரும்பி வந்திருந்தோம். பிறகு திருச்சிக்குப் பக்கத்தில் வாழவந்தான்கோட்டை முகாம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கல்யாணப் பேச்சு எல்லாம், கிலோ 57 காசுக்குத் தந்த ரேஷன் அரிசி ஒரு சாக்கில் சுவரோடு சாய்ந்திருக்கும். அலுமாரி இல்லை, ஆகவே கால் இல்லை, ஆகவே பேணியும் இல்லை, ஆச்சிக்கு அந்த முகாமில் எது குறை என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பா என்று நினைக்கிறேன். செம்மண் தரையில் எறும்பு நேராகச் சாக்குக்குள்ளே இறங்கும்.

முகாம் வாசலில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு சோக்குக்கட்டி விற்றார்கள், பெயர் லக்ஷ்மண் ரேகா, பள்ளிக்கூடத்துச் சோக்கு மாதிரியே இருக்கும், அதனால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும், அதால் நிலத்தில் கோடு கீறினால் தாண்டுகிற எறும்பு சுருண்டு விழும். அம்மா அரிசிச் சாக்கைச் சுற்றி வட்டமாகக் கீறிக்கொண்டிருந்தபோது ஆச்சி பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டா, கேட்டுவிட்டு, வெற்றிலை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தா. "இலங்கையிலேயிருந்து வந்த எங்களுக்கு, லட்சுமணன்ரை கோட்டை வித்திருக்கிறான் பார்" என்றா. அந்த மூன்று நாலு வருடத்தில் அவ அப்படிச் சிரித்தது அந்த ஒரு தரந்தான் என் நினைவில் இருக்கிறது.

முகாமிலிருந்து கிட்டத்தான் திருவெறும்பூர். குன்றின் மேல் கற்கோயில், சோழர் காலத்தது, சாமிக்குப் பெயர் எறும்பீசர். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் அவன் கண்ணில் படாமலிருக்க எறும்பு வடிவெடுத்து வந்து பூசை செய்தார்கள், லிங்கத்தின் எண்ணெய் வழுக்கில் ஏறமுடியாமல் தவித்தார்கள், அதைப் பார்த்துச் சிவன் புற்றாகி, ஏற வசதியாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தார் என்பது தலபுராணம். லிங்கம் இன்றைக்கும் சரிந்துதான் இருக்கிறது. ஆச்சி படியேறி, மூச்சு வாங்கி, சந்நிதியில் நின்று வெகுநேரம் பார்த்தா, கோணேசருக்குச் சம்பந்தர் பாடினார், இவருக்கு அப்பர் பாடினார், அந்தக் கணக்கில் ஊர்க்கோயில்தான் என்று என்னைத் தேற்றினா, நான் ஒன்றும் கேட்கவேயில்லை. இறங்கும்போது, கீழ்ப்படியில் யாரோ சிந்திய பொரியை இழுத்துக்கொண்டு போன எறும்புகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றா. சிவப்பு எறும்புதான், சுள்ளெறும்பு, ஊரிலென்றால் கொதிகஞ்சி. நான் அவவைப் பார்த்தேன். "இவைக்கு இதுதானே சொந்த இடம், நாங்கள்தானே வந்திருக்கிறம்" என்றா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினா. அவ ஊர் திரும்பவில்லை.

நான் திரும்பினேன், வெகு காலம் கழித்து. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனதுக்குப் பிறகு அந்த வளவில் கட்டிய சீமெந்து வீடு இது, தளத்துக்கு மாபிள், குசினிக்குச் சுவரோடு ஒட்டவைத்த பான்ரி, நிலம் மட்டத்திலிருந்து கூரை மட்டம் வரைக்கும் வெள்ளைப் பலகைக் கதவுகள், மருந்துக்கடை மாதிரி இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. வெயில் எங்கேயும் கம்பி கம்பியாக விழுவதில்லை, மின்குமிழ் ஒரே மாதிரி எல்லா மூலைக்கும் வெளிச்சம் போடுகிறது. எறும்பு மட்டும் ஆச்சியின் காலத்தைவிட இரண்டு பங்கு, கண்ணுக்கே பிடிபடாத சின்னச் சாதி, உடல் வெளிறி, தலை மட்டும் கறுத்து, நசுக்கினால் ஊசின தேங்காய் மணம் விடுகிறவை, சுவிச்சுப் பெட்டிக்குள்ளும், கதவுப் பலகையின் இடுக்கிலும், பேசின் குழாய்க்குப் பின்னாலும் குடியிருக்கின்றன. மகள் கனடாவிலிருந்து, "அம்மா, ஸ்ப்ரே அடியுங்கோ" என்கிறாள். அடித்தால் கண்முன்னே இருக்கிறவை செத்து, மறுநாள் இரண்டு வரிசை வேறு வேறு இடத்தால் புறப்படும். வெளியே நடமாடுவது கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான், முட்டையிடுகிற ராணிகள் உள்ளே, இந்தச் சாதியில் ராணி ஒன்றல்ல, பல, தொந்தரவு கண்டால் ஆளுக்கொரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோய் வேறு வீடு பிடிக்கும். அதைப் படித்தபோது, எங்கள் சனத்தின் கதையை ஒரு பூச்சிநூலில் வாசிக்கிற மாதிரி இருந்தது.

கரம் போட்டில் தூவுகிற போரிக் பவுடரை நூறு பங்கு சீனித்தண்ணிக்கு ஒரு பங்காகக் கலந்து, மூடியில் வைத்துப் பார்த்தேன். கூடப் போட்டால் வழியிலேயே செத்துவிடும், குறையப் போட்டால்தான் குடித்ததைக் கூட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டும், மெல்ல மெல்ல ராணிக்கும் போய்ச் சேரும். வேலை செய்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் கையாலேயே தாய்க்கு நஞ்சு அனுப்புகிற ஏற்பாடு அது, ஆச்சியின் கொதிகஞ்சியில் கொடுமை இருந்தது, சூது இருக்கவில்லை.

கடைசியில் பான்ரியின் கீழ்ப்பாதியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஓடாவி வந்து, அளந்து, இதுக்கு நாலாயிரம் சொல்லலாம் ஐயாயிரம் சொல்லலாம் என்று தலையைச் சொறிந்துவிட்டு, அம்மா, எல்லாரும் காலை வெட்டிச் சுவரோடு ஒட்டச் சொல்லுறாங்கள், நீங்கள் ஒட்டினதைக் கழற்றிக் கால் வைக்கச் சொல்லுறியள் என்றார். வேப்பமரத்தில், வலையடித்து, நாலு கால் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிற ஓர் அலுமாரியைச் செய்து தந்தார். பால்பேணிகளை நானே வெட்டினேன், விளிம்பை உள்ளே மடித்து.

அதற்குப் பிறகுதான் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். 2017 மாசி பங்குனியில் கிண்ணியாவில் டெங்கு சனத்தை வாரிக்கொண்டு போனதிலிருந்து இந்த மாவட்டத்தில் தேங்கின தண்ணீர் என்றால் விளையாட்டில்லை, பூச்சட்டி, சிரட்டை, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்ப்பார்கள், குடம்பி கண்டால் வழக்கு. சின்னப் பெடியன், மகளைவிட வயது குறைவு, வீட்டுக்குள்ளே வந்து அலுமாரிக் காலடியில் ரோச் அடித்ததும் முகம் மாறிவிட்டது. "இதென்ன அம்மா, வீட்டுக்குள்ளேயே நாலு இடத்தில தண்ணி கட்டி வைச்சிருக்கிறியள்?" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணெயின் மற்றப் பாதி விளங்கியது. எறும்பு நடக்காமல் இருக்க என்று ஆச்சி சொன்னது சரி, ஆனால் நீர்மட்டத்தில் வாலை நீட்டி மூச்சு வாங்குகிற நுளம்புக் குடம்பிக்கும் அந்தப் படலம்தான் யமன், மலேரியாவை அறிந்த தலைமுறை குட்டை குளத்தில் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தது, அவ அதை எனக்குச் சொல்லவில்லை, ஒருவேளை சொல்லுமளவுக்கு அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

குனிந்து மணந்து பாருங்கோ தம்பி என்றேன். மணந்தார். விரலை விட்டார், ஆச்சியைப் போலவே, பிறகு அந்த விரலைத் தன் காற்சட்டையில் துடைத்தார். என்ன இருந்தாலும் கிழமைக்கு ஒருக்கா ஊத்திக் கழுவத்தான் வேணும் அம்மா, சட்டம் அப்படி என்றார், வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறபோது கழுவுகிறேன், ஆச்சியும் வெள்ளிக்கிழமைதான் என்றேன், எந்த ஆச்சி என்று அவர் கேட்கவில்லை. கொப்பியில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன், அழகான கையெழுத்து, அலுமாரிக் கால், நாலு, குடம்பி இல்லை என்று இருந்தது. கையொப்பம் வாங்கிக்கொண்டு படலைவரை போனவர் திரும்பி வந்து, உந்த அலுமாரி செய்த ஓடாவியின் நம்பர் இருக்கிறதோ, அம்மா வீட்டிலே எறும்புத் தொல்லை பொறுக்கேலாது என்று கேட்டார்.